மலேசியாவில் மன்னரையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே, அது முடியாட்சியா?

திருச்சி வாத்தியார்:
பிளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் எடுக்கிறேன். பலகையில் முடியாட்சி, குடியரசு என்று இரண்டு கட்டம் போட்டேன். "சார், மலேசியா எந்தக் கட்டம்?" என்றான் ஒரு பையன். கோட்டின் மேலேயே எழுதிவிட்டு வந்துவிட்டேன். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்:
முடியாட்சிதான் சார். ஆனால் மன்னர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்.

சிரம்பான்வாசி:
ரப்பர் ஸ்டாம்பா? தம்பி 2022 நவம்பரில் இங்கே இருந்திருக்க வேண்டும். 19ஆம் தேதி தேர்தல். 222 இடத்தில் 112 வேண்டும். முதலில் வந்த அன்வார் கூட்டணிக்கே 82தான். ஐந்து நாள் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் டீ ஆறிப்போக, எல்லாரும் எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். 30 இடம் வைத்திருந்த பாரிசான் கூட்டணி உறுப்பினர்களை மாமன்னர் (நாட்டின் மன்னரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அரண்மனைக்கே கூப்பிட்டுப் பேசினார். அன்வாரையும் எதிர்க் கூட்டணித் தலைவர் முகைதீனையும் சேர்ந்து ஆளுங்கள் என்றார், முகைதீன் மறுத்தார். பாரிசான் ஆதரவோடு 24ஆம் தேதி அன்வார் பிரதமராகப் பதவியேற்றார். பெரும்பான்மை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரே பிரதமர், இது சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவருக்குத் தெளிவாக 112 கிடைத்திருந்தால் இதெல்லாம் சடங்கோடு முடிந்திருக்கும்.

வாத்தியார் கேட்ட தேர்தலுக்கு வருகிறேன். ஒன்பது மாநிலங்களின் பரம்பரை மலாய் ஆட்சியாளர்கள் தங்களில் ஒருவரை மாமன்னராக்க ரகசிய வாக்கெடுப்பு நடத்துகிறார்கள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை. முறை வைத்துத்தான் சுற்றுகிறது, பெரிய போட்டி கிடையாது. எங்கள் நெகிரி செம்பிலானில் மாநில ஆட்சியாளரையே உண்டாங் எனப்படும் நான்கு வட்டாரத் தலைவர்கள் அரச குடும்பத்திலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். அப்படி வந்தவர்தான் 1957இல் முதல் மாமன்னர். மலேசிய வெள்ளி (ரிங்கிட்) நோட்டு கையில் கிடைத்தால் பாருங்கள், அதில் இருப்பவர் அவர்தான். (ஊர்ப் பெருமை, மன்னிக்கவும்.)

பினாங்குப் பொண்ணு:
அண்ணே, ஒன்பது பேர் போடும் ஓட்டில் ஜனங்களுக்கு என்ன பங்கு? மன்னர்களுக்கு உண்மையான கடிவாளம் 1993, 1994 அரசியல் சட்டத் திருத்தங்கள். முதல் திருத்தத்தில் ஆட்சியாளர்கள் மீதும் வழக்குப் போடலாம் என்று தனி நீதிமன்றம் வந்தது. அடுத்ததில், மசோதாவுக்கு 30 நாளில் ஒப்புதல் தராவிட்டாலும் அது சட்டம்.

திருச்சி வாத்தியார்:
30 நாளா! எங்கள் சட்டமன்றம் 2020இல் அனுப்பிய மசோதா 2023 வரை ஆளுநர் மேசையில் கிடந்தது. அது போகட்டும், பினாங்கில் சுல்தான் உண்டாம்மா?

பினாங்குப் பொண்ணு:
இல்லை சார். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்குக்கும் மாமன்னர் நியமிக்கும் ஆளுநர்தான். மாமன்னர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது.