யோகா வகுப்பில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு நிமிடம்: உங்களுடையது எது?

மழைக்குருவி:
அய்யங்கார் முறை யோகா வகுப்பு. ஆசனம் சரியாக அமைய பெல்ட், கட்டை, நாற்காலி எல்லாம் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். எனக்கு முட்டி வலி. மற்ற வகுப்புகளில் "வலிச்சா விட்டுடுங்க" என்பார்கள். இந்த ஆசிரியை திரிகோணாசனத்தில் என் பின்காலின் வெளி ஓரத்தில் ஒரே ஒரு விரலை வைத்து, "இந்த இடத்தைத் தரையில அழுத்துங்க" என்றார். தொடைத்தசை இறுகி மேலேறியது, முட்டி தானாக நேரானது. வலியே இல்லை! திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

அரைத்தூக்கம்:
நான் அஷ்டாங்க ஆள், மைசூர் முறை. அவரவர் வரிசை, அவரவர் மூச்சு. அறையில் உஜ்ஜாயி, அதாவது தொண்டையைக் குறுக்கி விடும் மூச்சின் சத்தம் மட்டும்தான். உடம்பை முறுக்கி முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோக்கும் மரீச்யாசனம் 'டி'யில் எனக்குக் கைகள் கோக்க வரவில்லை. "இன்னைக்கு இதோட போதும், முடிக்கிற ஆசனங்களுக்குப் போங்க" என்றார் ஆசிரியர். பக்கத்தில் ஒருவர் அலட்டாமல் வரிசையில் அடுத்ததான நாவாசனத்துக்குப் போகிறார். என்னைக் காப்பாற்றினாரா, மட்டம் தட்டினாரா என்று இன்னும் பிடிபடவில்லை.

வெயில்பிரியன்:
இதெல்லாம் ஒரு கண்டிப்பா? பிக்ரம் வகுப்புக்கு வாருங்கள். 40 டிகிரி சூடு, 90 நிமிடம், 26 ஆசனங்கள். முன்வரிசையில் ஒருவர் தலைசுற்றி எழுந்தார். "உட்காருங்க, வெளியே மட்டும் போகாதீங்க" என்றது மேடையில் இருந்த ஆசிரியரின் குரல். கண்ணாடியில் தெரிந்த அவர் முகம்! ஆனால் நச்செல்லாம் வியர்வையில் போய்விடும், உடம்பு லேசாகிவிடும்.

நிதானம்:
வெயில்பிரியன், நச்சை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். வியர்வை உடம்பைக் குளிர்விக்க வருவது. தலைசுற்றினால் வெளியே போக விட வேண்டும், அது கண்டிப்பில் சேராது. அரைத்தூக்கம், உங்கள் அஷ்டாங்க முறையைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ், மழைக்குருவியின் முறையை உருவாக்கிய அய்யங்கார் இருவருமே யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்கள்தான். ஒருவர் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் நிலையை. இதில் எது உசத்தி என்ற பேச்சே வேண்டாம்.

என் கதை சின்னது. ஒரே ஆசனத்தில் நெடுநேரம் தளர்வாக இருக்கும் யின் வகுப்பில், புறா ஆசனத்தில் ஐந்து நிமிடம் அப்படியே கிடந்தபோது, காரணமே இல்லாமல் அழுகை வந்தது.

அப்புறம் எல்லோருக்கும் ஒன்று: கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் சிரசாசனம் வேண்டாம், கண்ணுக்குள் அழுத்தம் நன்றாகவே ஏறும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். கர்ப்பிணிகள் சூடான அறைப் பக்கமே போகக் கூடாது. கழுத்து எலும்பில் தேய்மானம் இருப்பவர்கள் தோளில் நிற்கும் சர்வாங்காசனத்துக்குப் பதில் சுவரில் காலைச் சாய்த்துப் படுக்கலாம்.

மழைக்குருவி:
சிரசாசனம் பற்றி இங்கே யார் கேட்டது? அந்த அழுகையைச் சொல்லுங்கள், அதை ஏன் ஒரே வரியில் தாண்டினீர்கள்?