போர்மியுலா வண்ணில் ஒரு புள்ளியும் பெறாத பெர்ன்ட் ஷ்னைடர் ஏன் மாபெரும் சாரதியாகப் போற்றப்படுகிறார்?

கேள்வி – கொட்டகலை மாணவன்

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தையும் ரதெல்லப் பந்தயத்தையும் வீதியோரத்தில் நின்று பார்த்து வளர்ந்த எங்களுக்குப் பந்தயக் கார் என்றால், வீதியில் ஓடும் காரின் உருவத்தையே வெளியில் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதுமாக மாற்றியமைக்கப்பட்ட கார்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பந்தயச் சாரதிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு போர்மியுலா வண்ணுக்கு வெளியே போவதில்லை. ஜேர்மனி என்றால் ஷூமாக்கர், வெட்டல், ரோஸ்பேர்க் என்ற மூன்று பெயர்களுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது.

எங்கள் வாசிகசாலையின் சுவர்ச் சஞ்சிகைக்கு ஜேர்மனியின் டூரிங் கார் (வீதிக் காரின் உருவில் ஓடும் பந்தயக் கார்) சாரதி பெர்ன்ட் ஷ்னைடரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத விரும்புகிறேன். டி.டி.எம். எனப்படும் ஜேர்மன் டூரிங் கார் தொடரில் அவர் ஐந்து முறை சம்பியன் ஆனவர். அதே மனிதர் 1988 முதல் 1990 வரை போர்மியுலா வண்ணில் 34 பந்தயங்களுக்குப் பதிவு செய்யப்பட்டு, ஒன்பது பந்தயங்களை மட்டுமே தொடங்கி, ஒரு புள்ளியும் பெறாமல் வெளியேறியிருக்கிறார். கட்டுரையைப் பார்த்த நண்பர் ஒருவர், "அங்கே முடியாதவர்தானே இங்கே வந்து வென்றார்" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை சொல்லாமல் கட்டுரையை ஒட்டக்கூடாது என்று நினைக்கிறேன். விவரம் அறிந்த அண்ணன்மாரும் அக்காமாரும் உதவ வேண்டும்.

பதில் – பதுளை மூர்த்தி

தம்பி, உங்கள் நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் "அங்கே" எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஷ்னைடர் 1964 ஜூலை 20ஆம் திகதி சார்லாந்து மாநிலத்தின் சங்க்ட் இங்பேர்ட் நகரில் பிறந்தவர். கார்ட் எனப்படும் சிறிய வண்டிப் பந்தயங்களில் வளர்ந்து, 1987இல் போர்மியுலா வண்ணுக்குக் கீழ்ப்படியான போர்மியுலா த்ரீயில் ஜேர்மன் சம்பியன் ஆனார். அந்த வெற்றிதான் அடுத்த ஆண்டே அவரை ஸாக்ஸ்பீட் அணிக்குள் கொண்டுசேர்த்தது. என்ஜினையும் சட்டகத்தையும் தாங்களே கட்டிய சிறிய ஜேர்மன் அணி அது. பெரிய அணிகளுடன் மோதுவதற்கான பணமோ வசதியோ அதனிடம் இருக்கவில்லை.

1989இல் அந்த அணி யமஹாவின் புதிய வி8 என்ஜினுக்கு மாறியது. அந்த ஆண்டில் 39 கார்கள் பதிவாகியிருந்தமையால், பலவீனமான அணிகளும் புதிய அணிகளும் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மணி நேர முன்தகுதிச் சுற்றில் ஓட வேண்டியிருந்தது. அதில் முதல் நான்கு இடங்களுக்குள் வராதவர்கள், மற்றவர்கள் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான். 16 பந்தயங்களில் பிரேசிலிலும் ஜப்பானிலும் மட்டுமே ஷ்னைடர் அந்தத் தடையைத் தாண்டினார்.

இங்கே உங்கள் நண்பருக்குக் காட்ட வேண்டிய சான்று ஒன்று இருக்கிறது. அதே ஆண்டில் அதே அணியின் மற்றக் காரை ஓட்டிய அகுரி சுசூகி, 16 பந்தயங்களில் ஒன்றில்கூட முன்தகுதி பெறவில்லை. அந்தச் சுசூகிதான் அடுத்த ஆண்டே வேறு அணியின் லோலா காரில் ஜப்பானியப் பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்று மேடையில் நின்றார். ஓராண்டுக்குள் ஒரு சாரதியின் திறமை அவ்வளவு மாறிவிடாது; மாறியது கார். ஷ்னைடருக்கு அப்படி ஒரு கார் கிடைக்கவே இல்லை. 1990இல் காயமடைந்த சாரதி ஒருவருக்குப் பதிலாக ஆரோஸ் அணிக்காக பீனிக்ஸில் ஓடி 12ஆவதாக வந்ததோடு அவருடைய போர்மியுலா வண் பந்தயங்கள் முடிந்துவிட்டன. பின்னர் ஸ்பெயினில் கிடைத்த இன்னொரு வாய்ப்பில் அவர் தகுதி பெறவில்லை.

அதன் பின்னர் நடந்ததை நான் ஆறுதல் பரிசாகப் பார்க்கவில்லை. 1992இல் ஏ.எம்.ஜி. மெர்சிடிஸ் அணிக்காக டி.டி.எம்மில் ஓடி மூன்றாம் இடம் பெற்றார். 1995இல் டி.டி.எம். பட்டத்தையும், அதனோடு இணைந்து அந்த ஆண்டு தொடங்கிய சர்வதேசத் தொடரின் பட்டத்தையும் ஒருசேர வென்றார். அந்தக் காலத்துக் கார்கள் வெளிப்பார்வைக்கு மட்டுமே மெர்சிடிஸ் சி கிளாஸ், அல்ஃபா ரோமியோ 155, ஓப்பல் கலிப்ரா என்று தெரிந்தன. உள்ளே இரண்டரை லீற்றர் ஆறு சிலிண்டர் என்ஜினும் அன்றைய உயர்ந்த மின்னணுத் தொழில்நுட்பமும் இருந்தன. செலவு தாங்க முடியாத அளவுக்கு ஏறி, ஓப்பலும் அல்ஃபா ரோமியோவும் விலகியதனால், 1996 முடிவில் அந்தத் தொடரே நின்றுபோனது.

அடுத்த ஆண்டே அவர் வேறொரு வகைக் காரில் அமர்ந்து, புதிதாகத் தொடங்கிய எஃப்.ஐ.ஏ. ஜி.டி. எனும் சர்வதேச ஸ்போர்ட்ஸ் கார் சம்பியன்ஷிப்பை மெர்சிடிஸ் சி.எல்.கே. ஜி.டி.ஆர். காரில் வென்றார். 128 நாட்களில் வரைந்து கட்டி முடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கார் அது. 2000இல் டி.டி.எம். மீண்டும் தொடங்கியபோது முதற் பட்டம் ஷ்னைடருக்கே கிடைத்தது. 2001, 2003, 2006 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார். கடைசிப் பட்டத்தின்போது அவருக்கு வயது 42. 2008 முடிவில் டி.டி.எம்மிலிருந்து ஓய்வு பெறும்போது அவருடைய வெற்றிகள் 43. முதற் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் இடையே பதினொரு ஆண்டுகள். அதற்குள் விதிகளும் என்ஜினும் டயரும் எதிரணிகளும் முழுவதுமாக மாறிவிட்டன. எவ்வகைக் காரைக் கொடுத்தாலும் அதன் இயல்பை அறிந்து, பொறியியலாளரிடம் தெளிவாக எடுத்துச் சொல்லி, அதை வெல்லும் காராக மாற்றும் ஆற்றல் இல்லாத ஒருவரால் இவ்வளவு நீண்ட காலம் முன்னணியில் நிற்க முடியாது. என் கணிப்பில் அவருடைய பெருமையின் மையம் இதுவே.

பதில் – நானுஓயா வாசகி

மூர்த்தி அண்ணா 1989 பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஷ்னைடரை ஜேர்மன் டூரிங் கார் சாரதிகளில் முதலாமவர் என்று கட்டுரையில் எழுதிவிட வேண்டாம் என்று தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். கிளவுஸ் லுட்விக் என்பவரையும் படித்துப் பாருங்கள். அவர் டி.டி.எம். பட்டத்தை மூன்று முறைதான் வென்றார். எனினும் 1988இல் ஃபோர்ட் காரிலும் 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் மெர்சிடிஸிலும் வென்றார். ஷ்னைடரின் ஐந்து பட்டங்களும் மெர்சிடிஸில் வந்தவை. பிரான்ஸில் நடக்கும் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை லுட்விக் 1979, 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் வென்றிருக்கிறார். ஷ்னைடர் அதை ஒருமுறையும் வெல்லவில்லை.

1998 எஃப்.ஐ.ஏ. ஜி.டி. தொடரையும் மறந்துவிடக் கூடாது. அந்த ஆண்டு பத்துப் பந்தயங்களையும் மெர்சிடிஸே வென்றது. ஆகவே போட்டி அதன் இரண்டு கார்களுக்கிடையே மட்டுமே இருந்தது. ஒன்றில் ஷ்னைடரும் இளம் மார்க் வெபரும், மற்றொன்றில் ஏறத்தாழ ஐம்பது வயதான லுட்விக்கும் ரிக்கார்டோ சொன்டாவும் ஓட்டினார்கள். பட்டம் லுட்விக் பக்கம் போனது. ஒரே அணி, ஒரே வகைக் கார் என்ற நிலையில் கிடைத்த முடிவு என்பதால் இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

கேள்வி கேட்டவர் – கொட்டகலை மாணவன்

இருவருக்கும் மிக்க நன்றி. சுசூகி பற்றிய செய்தியைக் கட்டுரையின் முதற் பகுதியிலேயே சேர்க்கப் போகிறேன். வாசகி அக்கா சொன்னதை வைத்து "முதலாமவர்" என்ற சொல்லை நீக்கிவிட்டு, லுட்விக்கைப் பற்றித் தனிப் பத்தி எழுதுவேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். டூரிங் கார் ஓட்டுவதிலும், பல சாரதிகள் மாறிமாறி ஓட்டும் நீண்ட நேர ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்திலும், சாரதியின் வேலை எவ்வகையில் வேறுபடுகிறது? எங்கள் வாசகர்களுக்கு விளங்கும்படி யாராவது சொல்ல முடியுமா?

பதில் – ஹட்டன் கராஜ்

தொழில் முறையில் வாகனம் திருத்துபவன் என்பதால் இதை பிரேக்கிலிருந்து சொல்கிறேன். நமது மலைவீதிகளில் கீழே இறங்கும் அனுபவமுள்ள லொறிச் சாரதி, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதில்லை. குறைந்த கியரில் போட்டு என்ஜினால் வேகத்தைப் பிடித்து, பிரேக்கை உண்மையில் வேண்டிய வளைவுக்குச் சேமித்து வைப்பார். நீண்ட நேரப் பந்தயத்தில் சாரதி செய்வதும் இதையொத்த கணக்குத்தான். ஒரு சுற்றில் சில கணங்களை மிச்சப்படுத்துவதற்காக பிரேக்கையும் டயரையும் கியர்ப் பெட்டியையும் வருத்தினால், காரை அடுத்துப் பொறுப்பேற்கும் தோழர் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். இருக்கையும் கார் அமைப்பும்கூடத் தனக்கு மட்டும் பிடித்ததாக இருக்க முடியாது. மூன்று நான்கு பேர் ஓட்டக்கூடிய நடுநிலையான அமைப்பை ஏற்றுக்கொண்டு, அதிலும் வேகமாக ஓட வேண்டும்.

டி.டி.எம். இதற்கு எதிர்த்திசை. பந்தயம் குறுகியது, கார்கள் உரசிக்கொண்டு ஓடும், பிரேக் மிதிக்கும் இடத்தைக் கடைசிவரை தள்ளிப்போடுபவர் முன்னால் போவார். அங்கே தயங்கினால் இடம் போய்விடும். இந்த இரண்டு பழக்கங்களையும் ஒரே மனிதர் ஒரே காலகட்டத்தில் கைவசம் வைத்திருப்பது மிகவும் கடினம். எனவே எனக்கு லுட்விக்கும் ஷ்னைடரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்.

பதில் – பதுளை மூர்த்தி

லுட்விக் பற்றிய வாசகி தங்கையின் வாதம் வலுவானது. 1998 தொடர் பற்றி அவர் சொன்னதை மறுப்பதற்கில்லை. லு மான் கணக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1998இல் லு மானில் எல்லோருக்கும் முன்னே தொடக்க இடத்தைப் பெற்றவர் ஷ்னைடர்தான். பந்தயம் தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் இரண்டு மெர்சிடிஸ்களும் பழுதாகி நின்றன. 1999இல் நிலைமை அதைவிட மோசம். மெர்சிடிஸ் சி.எல்.ஆர். கார்கள், மற்றொரு காரின் பின்னால் நெருங்கி மேட்டைத் தாண்டும்போது மூக்கு மேலெழுந்து ஆகாயத்தில் புரண்டன. தகுதிச் சுற்றிலும் பந்தய நாள் காலைப் பயிற்சியிலும் வெபருக்கு அது நேர்ந்தது. பந்தயத்தின்போது பீட்டர் டம்ப்ரெக்கின் கார் வேலிக்கு அப்பால் மரங்களுக்கிடையே போய் விழுந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள். அந்தக் கணமே அணி எஞ்சியிருந்த ஒரே காரையும் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. அந்தக் காரின் சாரதிகளில் ஒருவர் ஷ்னைடர். அவருடைய தரப்பில் தவறு இல்லாத இரண்டு ஆண்டுகளை அவருடைய தோல்வியாக எழுதுவது பொருந்தாது.

கட்டுரையில் கட்டாயம் வர வேண்டிய இன்னொரு ஆண்டு 2013. டி.டி.எம்மிலிருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், மெர்சிடிஸ் எஸ்.எல்.எஸ். ஏ.எம்.ஜி. காரில் ஒரே ஆண்டுக்குள் துபாய் 24 மணி நேரம், அவுஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் 12 மணி நேரம், ஜேர்மனியின் நூர்புர்க்ரிங் 24 மணி நேரம், பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரம் ஆகிய நான்கையும் வென்ற அணிகளில் அவர் இருந்தார். ஸ்பாவில் வென்றபோது 49 வயது நிறைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அங்கே அவருடன் ஓட்டிய மக்சிமிலியன் பூக், மக்சிமிலியன் கோட்ஸ் இருவரும் அவரைவிட மிகவும் இளையவர்கள்.

நமது பகுதி வாசகர்களுக்கு நூர்புர்க்ரிங் வெற்றி இன்னும் நெருக்கமாக இருக்கும். ஐஃபெல் மலைப்பகுதியில் 1920களில் அமைக்கப்பட்ட அதன் வடக்குச் சுற்றுப் பாதை மட்டும் 20 கிலோமீற்றருக்கு மேல் நீளும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏறத்தாழ 300 மீற்றர் வித்தியாசம் உண்டு. ஒரு வளைவில் வெயில் அடிக்கும்போது மறு வளைவில் மழை பெய்யும். 2013இல் கடும் மழையும் பனிமூட்டமும் காரணமாக, இரவில் பந்தயத்தையே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். காலையில் மீண்டும் தொடங்கியபோது, ஈரப் பாதையில் ஷ்னைடர், யெரூன் பிளேக்கமோலன், ஷான் எட்வர்ட்ஸ், நிக்கி தீம் ஆகிய நால்வரும் ஓட்டிய கார் முதலாவதாக வந்து சேர்ந்தது. பாத்தர்ஸ்டும் மலைப் பாதைதான்; பந்தயமில்லாத நாட்களில் ஊர்வாசிகள் தங்கள் கார்களில் போய்வரும் பொதுவீதி அது. மகாகஸ்தோட்டையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சுவர்ச் சஞ்சிகையில் இடம் குறைவாக இருக்குமானால், தம்பி, பட்டங்களின் ஆண்டுகளை ஒரே வரியில் முடித்துவிடலாம். 1989க்கும் 2013க்கும் மட்டும் போதிய இடம் ஒதுக்குங்கள். உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்கான விடை அந்த இரண்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது.