முதல் நாள் காலையில் மாணவர்களுக்கு எதைக் காட்டுவது? (காது, மூக்கு, தொண்டை)

திருமலை_எம்ஓ:

வணக்கம். திருகோணமலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் மருத்துவபீட மாணவர்கள் சிலர் எங்களிடம் வருகிறார்கள். கன்சல்டன்ட் சேர் "முதல் நாள் காலை உமது பொறுப்பு, பிள்ளைகளுக்கு ஒரு அறிமுகம் குடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையில் இருப்பது முன்னர் யாரோ செய்து வைத்த ஸ்லைட் கட்டு. நடுச்செவியின் ஆறு சுவர்களில் தொடங்கிக் கழுத்து நிணநீர்க் கணுக்களில் முடிகிறது. எனக்கே பாதியில் கொட்டாவி வந்துவிட்டது.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் எங்கள் துறைக்கு வரப்போவதில்லை. நாளைக்கு மூதூரிலோ கோமரங்கடவலையிலோ ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) தனியே இருக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு ஒரு காலைப்பொழுதில் எதைக் கொடுக்கலாம்? அறை சிறியது. காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப் இரண்டு, ஒரு இசைக்கவை, ஒரு தலைவிளக்கு உண்டு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்புவெளிக் காதுக்காரன்:

தம்பி, அந்த ஸ்லைடுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாரும். ஆறு சுவர்களையும் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல்நாள் எப்படியும் பாடமாக்கிவிடுவார்கள். காதுக்குள் பார்க்கப் பழகுவதற்குத்தான் வேறு இடம் கிடையாது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளோடும் நான் மல்லுக்கட்டியது இதற்காகத்தான்.

முதல் வேலையாக, ஒருவர் காதை ஒருவர் பார்க்க விடும். ஓட்டோஸ்கோப்பைப் பேனை பிடிப்பது போலப் பிடித்து, சின்னவிரலைக் கன்னத்தில் ஊன்றச் சொல்லும். தலை திடீரென்று ஆடினால் கையும் கூடவே ஆடும், உள்ளே குத்தாது. பெரியவர்களுக்குக் காதுமடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், கைக்குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. நல்ல செவிப்பறையில் வெளிச்சம் ஒரு முக்கோணமாக மினுங்கும். வலக்காதில் மணி ஐந்துப் பக்கம், இடக்காதில் ஏழுப் பக்கம். அதைக் கண்டவுடன் யாராவது ஒரு பிள்ளை "ஆ!" என்று சத்தம் போடும். உமது வகுப்பு அங்கேதான் தொடங்குகிறது. நல்ல காதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகாதவருக்குச் சீழ் வடியும் காதைப் பார்த்தும் ஒன்றும் விளங்காது.

இசைக்கவை 512 ஹேர்ட்ஸ்தானா என்று முதலே பாரும். வாட்டில் கிடப்பது பெரும்பாலும் 128. அது கால் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. ரின்னே, வேபர் சோதனைகள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் இசைக்கவையை அதிரவிட்டு நெற்றி நடுவில் வைக்கும் வேபரில் சத்தம் எந்தக் காதுக்குப் போகும் என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார்கள். இப்படிச் செய்யும்: ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகச் சொல்லும். சத்தம் அடைத்த காதுக்குள்தான் கூடக் கேட்கும். குறும்பியோ நடுச்செவி நீரோ அடைத்தவருக்கு வேபர் கேளாத காதுப் பக்கம் போவதும் இப்படித்தான். உட்செவியோ நரம்போ பழுதானால் நேரெதிர், நல்ல காதுக்குப் போகும்.

இது வெறும் பரீட்சைக் கணக்கு என்று விட்டுவிடாதேயும். காலையில் எழும்பியபோது ஒரு காது கேட்கவில்லை என்று ஒருவர் வருகிறார். காது சுத்தமாக இருக்கிறது, வேபர் நல்ல காதுக்குப் போகிறது. அவருக்குத் தடிமன் அடைப்பு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினால் காது போய்விடும். அன்றைக்கே எங்களிடம் அனுப்ப வேண்டிய ஆள் அவர். ஸ்டீரொயிட் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஓபிடியில் இதைக் கண்டுபிடிக்க அந்த இசைக்கவை ஒன்றே போதும்.

அடுத்தது நம்முடைய ஊர்ப் பாடம், கடல். சங்கு குளிப்பவர், கடலட்டை பிடிப்பவர், புறாமலைத் தீவில் மீன் பார்க்க இறங்கும் உல்லாசப் பயணி எல்லாரும் உமது கிளினிக்குக்கு வருவார்கள். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. நடுச்செவிக் காற்று பாதியாகச் சுருங்கும். மூக்கின் பின்பக்கத்தை நடுச்செவியோடு இணைக்கும் ஊத்தேக்கியாவின் குழாய் திறந்து காற்றை உள்ளே விடாவிட்டால் செவிப்பறை உள்ளுக்கு இழுபட்டு இரத்தம் கட்டும், சிலருக்குக் கிழியும். தடிமனோடு இறங்குகிறவருக்கு அந்தக் குழாய் ஏற்கெனவே வீங்கி அடைத்திருக்கும். மாணவர்களை மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெல்ல ஊதச் சொல்லும். காதில் 'டிக்' என்று கேட்கும். அந்த நேரம் பக்கத்தில் இருப்பவர் ஓட்டோஸ்கோப்பால் பார்த்தால் செவிப்பறை அசைவதும் தெரியும். ஒரு படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் விளக்கினாலும் இது வராது.

தொண்டைக்கு ஒரு கதை சொல்லும். உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் பாடும்போது எப்படி அசைகின்றன என்பதை 1854 இல் நன்றாகப் பார்த்தவர் வைத்தியர் இல்லை. மனுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியும் வெயிலும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்தார். பிள்ளைகள் சிரித்து முடிய, மூன்று கிழமைக்கு மேல் குரல் கரகரத்தால் கட்டாயம் உள்ளே பார்க்க வேண்டும் என்று சொல்லும். கதையோடு சேர்ந்து அதுவும் நிற்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் காதில் நோ, ஆனால் காதில் ஒன்றும் இல்லை என்பது. தம்பலகாமப் பக்கத்து வயல்காரர் ஒருவர், நல்ல வெத்திலைக்காரர், காது நோவுக்கு விதம்விதமான சொட்டு மருந்துப் போத்தல்களை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்தார். செவிப்பறை பளிச்சென்று இருந்தது. கூட நின்ற மாணவியிடம் "வாயைத் திறக்கச் சொல்லு பிள்ளை" என்றேன். இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தடவினால் நார் நாராகக் கையில் தட்டுப்பட்டது. நாக்கின் பின்பக்கத்தில் புண். நாக்கின் அடிக்கும் நடுச்செவிக்கும் உணர்வு கொண்டு போவது அதே ஒன்பதாம் மண்டை நரம்பு என்பதால் நோவு காதில் தெரிந்தது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெத்திலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இலேயே வெளியிட்டுவிட்டது. ஆகவே காது நோ என்று வரும் பெரியவர் எவரையும் வாயைத் திறந்து பார்க்காமல் அனுப்பக் கூடாது. உமது காலை வகுப்பில் பிள்ளைகள் இதை மட்டும் கொண்டுபோனாலும் எனக்குத் திருப்தி.

வாட்டு_மிஸ்ஸி:

டொக்டர் சொன்னது எல்லாம் சரி. மூக்கால் இரத்தம் வருவதை மறந்துவிட்டார். வருகிற பிள்ளைகள் எல்லாரும் மூக்கு எலும்பைத்தான் பிடிக்கிறார்கள், ஆளின் தலையையும் பின்னுக்குச் சாய்க்கிறார்கள். இரத்தம் தொண்டைக்குள் இறங்கிப் பிறகு சத்தியாக வரும், துடைப்பது நாங்கள். முன்னுக்குக் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அமத்த வேண்டும். இடையில் "நின்றிட்டுதா?" என்று திறந்து பார்க்கக் கூடாது. இதையும் ஒருவருக்கொருவர் பிடித்துப் பழகச் சொல்லுங்கள்.

காது கழுவும் தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் அடித்தால் ஆளுக்குத் தலை சுற்றும்.

நிலாவெளி_சித்தா:

நான் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எங்களுக்கும் நசியம் (மூக்கில் மருந்து விடுதல்), காதுக்கு எண்ணெய் விடுதல் எல்லாம் பாடத்தில் உண்டு. காதுக்கு எண்ணெயே கூடாது என்று உங்கள் பக்கத்தில் சிலர் ஒரேயடியாகச் சொல்கிறார்கள். ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

உப்புவெளிக் காதுக்காரன்:

மிஸ்ஸி, வகுப்பை நீங்களே எடுக்கலாம்.

தங்கச்சி, ஒரேயடியாகச் சொல்வது சரியில்லை. உயிருள்ள பூச்சி காதுக்குள் போய்த் துடித்தால் நாங்களும் எண்ணெய் விட்டுக் கொன்றுதான் எடுப்போம். ஆனால் சீழ் வடிகிற காது, ஓட்டை விழுந்த செவிப்பறை என்றால் விடக் கூடாது. உழுந்தோ கடலையோ போயிருந்தால் தண்ணீர் அடிக்கக் கூடாது, ஊதி இறுகிவிடும். மணிக்கூட்டுப் பட்டரி என்றால் எந்தச் சொட்டும் கூடாது. ஈரம் பட்டால் இன்னும் வேகமாகச் சுடும். மூக்கில் போனாலும் அதே அவசரம். விழுங்கி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும். எதை விடுவதானாலும் முதலில் உள்ளே பார்க்க வேண்டும். உங்கள் விரிவுரையாளர் மூலமாகக் கன்சல்டன்ட் சேரிடம் கேட்டுப் பாருங்கள், நீங்களும் அந்தக் காலை வந்து நிற்கலாம்.

திருமலை_எம்ஓ:

நன்றி அண்ணா, மிஸ்ஸிக்கும். ஸ்லைட் கட்டை அழித்துவிட்டேன். கடைசியாக ஒன்று: கிளினிக் நாளில் வைப்பதா, சத்திரசிகிச்சை நாளில் வைப்பதா?

உப்புவெளிக் காதுக்காரன்:

கிளினிக் நாள்தான். தியேட்டரில் பிள்ளைகளுக்குத் தெரிவது சேரின் முதுகு மட்டும்தான்.