'ஃபிகர்' என்பதற்குப் 'படத்தாள்': ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பைத்தான் நிரல்மொழியில் படம் வரைய உதவும் நிரல் நூலகமான மேட்பிளாட்லிப் பற்றிய குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது ஃபிகர் (முழுப் படத்தையும் தாங்கும் பரப்பு), ஆக்சீஸ் (அதற்குள் ஒரு படம் அமையும் பகுதி), பிளாட் (அதில் வரையப்படுவது) மூன்றுக்கும் 'வரைபடம்' என்ற ஒரே சொல்லை வைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

மதுரையில் என்னிடம் பைத்தான் பயிலும் மாணவி ஒருவர், மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் மாதவாரி மழையளவைத் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கும் நிரலை எழுதினார். முதலில் வந்த மேலூர்ப் படத்தில் ஒரு கோடுதான் இருந்தது. அடுத்த கொட்டாம்பட்டியில் இரண்டு. கடைசியில் சேடபட்டிக்குள் பதின்மூன்று கோடுகளும் பின்னிக் கிடந்தன. இயல்பில் பத்து நிறங்களே சுழல்வதால் பதினோராவது கோடு மேலூரின் நீலத்தையே பூண்டிருந்தது. 'மடக்கின் (லூப்பின்) ஒவ்வொரு சுற்றிலும் புதிய வரைபடம் வரையவும்' என்று நான் எழுதிக் கொடுத்ததை நம்பி, அவர் ஒவ்வொரு சுற்றிலும் புதிய கோட்டை வரைந்திருக்கிறார், பழைய ஃபிகரின் மேலேயே. பிழை அவருடையதன்று; என் சொல்லினுடையது.

ஃபிகர் கோடன்று, கோடுகளைத் தாங்கும் தாள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் வரைபடத்தாளின் மூலையில் அளவுத்திட்டம் எழுதி, புள்ளிகளை இணைத்து, விடைத்தாளோடு நூலால் கட்டிக் கொடுத்த எவருக்கும் இந்த வேறுபாடு கைப்பழக்கமாகவே தெரியும். ஆகவே அதைப் 'படத்தாள்' என்போம். 'சுற்றின் தொடக்கத்தில் புதிய படத்தாளைத் திறக்கவும். சேமித்ததும் அதை மூடவும்' என்றால் மயக்கத்துக்கு இடமில்லை. மூடாத தாள்கள் நினைவகத்தில் சேர்ந்துகொண்டே போவதும், மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் என்னும் இடைமுகம் வழியாகத் திறந்தவை இருபதைத் தாண்டினால் நூலகம் எச்சரிப்பதும் அந்தச் சொல்லிலேயே விளங்கிவிடும்.

ஆக்சீஸை 'அச்சுகள்' என்பது பொருந்தாது. ஒரே தாளில் நான்கு படங்களை அமைத்தால் அங்கே நான்கு ஆக்சீஸ். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு அச்சுகள். நெல்லடிக்கும் களத்தைப் போல எல்லை வகுத்த வேலையிடம் அது என்பதால் 'வரைகளம்' எனலாம். இதில் எனக்குப் பிடிவாதமில்லை. மேலான சொல் கிடைத்தால் ஏற்பேன்.

பிளாட்டுக்கு 'வரைபடம்' நீடிக்கட்டும். ஒலிபெயர்ப்பு வேண்டாம்; எங்கள் பக்கம் பிளாட் என்றால் வீட்டுமனைதான் நினைவுக்கு வரும்.

'திரையில் ஏது தாள்?' என்று சிலர் கேட்கக்கூடும். 'விரிதாள்' (ஸ்பிரெட்ஷீட்) திரையில்தானே விரிகிறது? அதை ஏற்ற நமக்குப் 'படத்தாள்' அயலாகாது.