பிரசவ இரத்தப்போக்குப் பயிற்சிக்கான கருப்பை மாதிரி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வட்ட அரசு மருத்துவமனையில் பணிபுரியும் நான், ஊரகப் பணிக்கு எங்களிடம் வரும் பயிற்சி மருத்துவர்களுக்கு, பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் இரத்தப்போக்கைக் கையாளும் பாவனைப் பயிற்சியை நடத்தி வருகிறேன். ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு தாயாக நடிக்கும் மாமாநேட்டலி கருவியை (பெயரைக் கேட்டதும், மாமா எங்கே என்று சிரித்தார்கள்) ஒரு முறை இரவல் வாங்கினோம். அணிந்திருப்பவரே கருப்பையின் தளர்ச்சியையும் இரத்தப்போக்கையும் கூட்டிக் குறைக்கலாம். அந்தப் பயிற்சியில், வெளியேறிய செயற்கை இரத்தத்தைக் கண்ணளவில் 300 மில்லி என்று மதிப்பிட்டவர்கள், அளந்தபோது 500 மில்லியைத் தாண்டியிருந்ததைக் கண்டு திகைத்துப் போனார்கள். இப்போது அக்கருவி கைவசம் இல்லை. துணியும் பஞ்சும் கொண்டு நாங்களே தைத்த கருப்பையோ, உண்மையான கருப்பையைப் போல நீவிவிட்டால் இறுகுவதில்லை. இறுகும் மாதிரியைக் குறைந்த செலவில் செய்தவர்கள், எந்தப் பொருளைப் பயன்படுத்தினீர்கள் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கறை படியாத செயற்கை இரத்தக் கலவையும் தேவை. பீட்ரூட் சாறு மெத்தையைப் பாழாக்கிவிட்டது.