பி0171 கோடு அழித்தாலும் திரும்ப வருகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் 2014 மாடல் பெட்ரோல் காரில் செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0171, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஐடிலிங்கில் ஃபியூயல் டிரிம் (கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) +22 சதவீதம் காட்டுகிறது. 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +5க்கு இறங்கிவிடுகிறது. சென்சார் கெட்டிருந்தால் இப்படி இறங்குமா? எங்கோ காற்றை இழுக்கிறது என்றே தோன்றுகிறது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் வளைவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு; விரலால் அழுத்தினால் வாய் திறக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் (காற்றுக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் பட்டை) பார்க்க வேண்டுமா? மதுரைப் பக்கம் ஸ்மோக் டெஸ்ட் (புகை செலுத்திக் கசிவைக் கண்டுபிடிப்பது) செய்பவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். அப்பா டயாலிசிஸுக்கு இந்த வண்டியில்தான் போய் வருகிறார், அதனால் சீக்கிரம் சரிசெய்தாக வேண்டும்.