புதுப்பிப்பு: எங்கள் வேதபாடக் குழு அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்த பிறகு

எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியில்) புதன்கிழமை வேதபாடத்துக்கு வருவோர் ஆறு பேராகச் சுருங்கிவிட்டார்கள் என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே வருத்தத்துடன் எழுதியிருந்தேன். பிரசங்கத்தைக் குறைத்து, ஒரே புத்தகத்தைத் தொடர்ந்து வாசிக்கும்படி பலர் சொன்னதை ஏற்று, இயேசுவின் சீடர்களும் முதல் சபைகளும் செய்த ஊழியத்தைச் சொல்லும் புதிய ஏற்பாட்டுப் புத்தகமான அப்போஸ்தலர் நடபடிகளைத் தொடங்கினோம்.

ஆறாம் அதிகாரத்தில் மட்டும் மூன்று வாரங்கள் நின்றோம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டதையும், அதற்காக ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டதையும் வாசித்தபோது, ஆலயத்துக்கு வர இயலாமல் வீட்டில் முடங்கியிருக்கும் நம் சபையார் எத்தனை பேர் என்று ஒரு மூதாட்டி கேட்டார்; எங்களில் எவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த மௌனம் என்னை மிகவும் உறுத்தியது. இப்போது பதினொரு வீடுகளுக்கு இருவர் இருவராகச் செல்கிறோம். குருவானவர் மாதந்தோறும் அங்கே நற்கருணை வழங்குகிறார்.

பதின்மூன்றாம் அதிகாரத்தில் அந்தியோகியா சபை பர்னபாவையும் பவுலையும் நற்செய்தி அறிவிக்க அனுப்பியதை வாசித்தபோது, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியதை இளைஞருக்கு விளக்கினேன். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையை மீண்டும் தொடங்கலாமா என்று அவர்களே கேட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் பொறுப்பேற்றுள்ளது. கடந்த புதன்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள்.